மாப்பிள்ளை மரத்துக்கு உப்பு ஆகாது

1. கேட்டுக்கு வெளியே

இறால் கம்பெனியை மூடி ஒரு மழைக்காலம் போன பிறகு, அதே கேட்டின் முன்னால் மறுபடி போய் நின்றேன். யாரோ ஒரு கப்பல்காரர் ஷெட்டை வாங்கியிருக்கிறார், தொட்டியில் மரம் வளர்க்கிறார், ஆள் தேடுகிறார் என்று பஸ்ஸில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள். அதைக் கேட்டு வந்திருந்தேன். கேட்டைத் தட்டவில்லை. தட்டினால் யாராவது வருவார்கள். வந்தால் பேச வேண்டும். வெயில் ஏறும் வரை அப்படியே நின்றேன்.

கடைசியில் அவரே வெளியே வந்தார். கண்ணாடி போட்ட, உயரமான மனிதர்.

"என்னம்மா, பஸ்ஸுக்கா நிக்கிற? ஸ்டாப் அங்க இருக்கு."

இல்லை என்று தலையாட்டினேன்.

"வேலைக்கா?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.

"பேரு?"

சொன்னேன்.

"என்ன? எனக்குக் காது போச்சா, இல்ல உன் குரலே அவ்வளவுதானா?"

"அஞ்சலை" என்று மறுபடி சொன்னேன். அது எனக்கே அப்போதுதான் கேட்டது.

"சரி அஞ்சலை, உள்ள வா. மரத்துக்கிட்ட பேச வேண்டியதில்ல. உனக்கு சரியான வேலைதான்."

நான் பிறந்தது லைட்ஹவுஸ் குப்பம். வாழ்க்கைப்பட்டது ஆரம்பாக்கத்துக்குக் கிழக்கே, ஏரிக்கரையில். புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டார். பிள்ளைகள் இல்லை. அஞ்சாங் கிளாஸ் வரை படித்தேன். அதற்கப்புறம் வலை, கருவாடு, பிறகு இந்தக் கம்பெனியில் இறால் உரிக்கும் வேலை. இப்போது அந்தக் கப்பல்கார சாரின் நர்சரிக்குப் புதிதாகப் பெண்கள் வேலைக்கு வருகிறார்கள். மேப்பிள் மர வேலையை அவர்களுக்குச் சொல்லிக்கொடு என்று சார் சொன்னார். நான் நாலு பேர் முன்னால் நின்று பேசுகிற ஆள் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

2. நல்ல தண்ணீர்

நர்சரியில் அரசு, ஆல், போகன்வில்லா, அடினியம் எல்லாம் போன்சாய் தொட்டியில் இருந்தன. விற்பனைக்கு அவைதான். சாருக்கு உயிர் எல்லாம் பின்பக்கம் பச்சை வலைக்குக் கீழே இருந்த ஜப்பான் மேப்பிள் மேல். கப்பல் வேலையில் ஜப்பான் துறைமுகங்களில் பார்த்து ஆசைப்பட்ட மரமாம். ஐந்து விரல் விரித்த சின்னக் கை போல இருக்கும் இலை. மலைப்பக்கத்து நர்சரியிலிருந்து கன்றாக வாங்கி வந்திருந்தார்.

எங்கள் வெயிலுக்கு இந்த மரம் ஆகாது. அதை அவர் மறைத்ததில்லை.

"வளராதுன்னு எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். வளக்கிறேன், அவ்வளவுதான்" என்பார்.

வெயில் காலத்தில் இரண்டு அடுக்கு வலை கட்டுவோம். தொட்டியைச் சுற்றி ஈரக் கோணி. அனல் காற்று அடித்தால் இலை ஓரம் அப்பளம் போல் சுருண்டுவிடும். அதனால் மதியத்தில் ஸ்பிரேயரால் புகை மாதிரி தண்ணீர் அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். அப்படியும் பாதிக் கன்று முதல் கோடையிலேயே போய்விட்டது. மூன்றுதான் மிச்சம்.

தண்ணீர் விஷயத்தைப் புதிதாக வருகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். எங்கள் பக்கத்தில் வாயில் வைக்க முடிகிற தண்ணீர் எல்லாம் நல்ல தண்ணீர்தான். ஏரித் தண்ணீர் போல் உப்புக் கரிக்காமல் இருந்தால் போதும், குடித்துவிடுவோம். முதல் நாள் சார் என்னிடம் ஒரு டம்ளர் போர் தண்ணீர் கொடுத்துக் குடிக்கச் சொன்னார்.

"எப்படி இருக்கு?"

"நல்ல தண்ணி."

"உனக்கு நல்ல தண்ணி. மேப்பிளுக்கு இது கடல். இதுக்கு மழைத் தண்ணி மட்டும்தான். உப்பு கொஞ்சம் சேந்தாலும் வேர் கருகிடும்."

மாடியிலிருந்து குழாய் இறக்கி, மூடி போட்ட பெரிய சிமென்ட் தொட்டியில் மழைத் தண்ணீர் பிடித்து வைத்திருந்தார். மேப்பிளுக்கு அந்தத் தொட்டி. வேறு எதுவும் தொடக்கூடாது.

3. தூக்கம்

இலை உதிர்கிற மரத்துக்கு வருஷத்தில் இரண்டு மாதமாவது குளிரில் தூக்கம் வேண்டும். எங்கள் மார்கழி அதற்குப் போதாது. சார் இந்த ஷெட்டை வாங்கியதே பழைய கோல்டு ரூமுக்காகத்தான். கார்த்திகையில் மேப்பிள் இலைகளைக் கையால் கிள்ளி எடுத்துவிட்டு, தொட்டிகளை உள்ளே வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குளிரை இறக்குவோம். மாசியில் வெளியே எடுப்போம். தூங்குகிற மரத்துக்கு வெளிச்சம் தேவையில்லை. மண் மட்டும் காயக்கூடாது. தினமும் ஒரு தடவை உள்ளே போய் மண்ணில் விரல் விட்டுப் பார்க்க வேண்டும். அது என் வேலை.

அந்த அறையைச் சுற்றி ஒரு காலத்தில் ஐம்பது பேர் சத்தம் இருந்தது. ட்ரேயை இழுக்கிற சத்தம், சூப்பர்வைசர் திட்டுகிற சத்தம், இறால் தலை கிள்ளிக்கொண்டே பெண்கள் சொல்கிற கதை. நான் பேசமாட்டேன். ஆனால் எல்லாம் கேட்டுக்கொண்டிருப்பேன். அது எனக்குப் போதுமாக இருந்தது. இப்போது மின்விசிறி ஓடும் சத்தம் ஒன்றுதான். மூன்று மொட்டை மரம். கதவைச் சாத்தினால் வெளியே லாரி போவதுகூடக் கேட்காது. மண்ணைப் பார்த்துவிட்டுச் சீக்கிரம் வெளியே வந்துவிடுவேன். வெளியிலும் பெரிதாக ஒன்றும் இல்லை. வீட்டுக்குப் போனால் சோறு வடிக்க வேண்டும், சாப்பிட வேண்டும். சில வாரங்களில் கடைக்காரரிடம் "அரைக் கிலோ" என்று சொன்னதைத் தவிர வேறு ஒரு வார்த்தையும் பேசியிருக்கமாட்டேன்.

பக்கத்து வீட்டில்தான் என் கொழுந்தன் வேலு குடியிருக்கிறான். ஐஸ் வியாபாரம். ஃபேக்டரியிலிருந்து டாடா ஏஸில் ஐஸ் பார் ஏற்றிவந்து படகுக்காரர்களுக்கும் மீன் வியாபாரிகளுக்கும் கொடுப்பான். அவன் பேசினால் நாலு வீட்டுக்குக் கேட்கும். கெட்டவன் இல்லை. அவன் அண்ணன் இருந்தவரை என்னைக் கிண்டல் செய்துகொண்டே இருப்பான். அண்ணன் போன பிறகு என்னிடம் என்ன பேசுவது என்று அவனுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. நான் எந்த மரத்துக்கு வேலை செய்கிறேன் என்று ஒரு தடவை கேட்டான். மேப்பிள் என்றேன்.

"இன்னாது? மாப்பிளயா? அதான் ஏசி ரூம் கேக்குது!" என்று தெருவே கேட்கச் சிரித்தான். அன்றிலிருந்து எங்கள் ஊரில் அதற்குப் பெயர் மாப்பிள்ளை மரம்.

4. கம்பு

மிச்சமிருந்த மூன்றில் இரண்டு மரம் வளைந்து நெளிந்து அழகாக இருந்தன. மூன்றாவது நேர் மரம். என் நெஞ்சு உயரம் வரை ஒரே கனம். கீழே ஒரு கிளை இல்லை. வாங்க வந்தவர்கள் எல்லோரும் அதைத் தாண்டிப் போவார்கள். ஒரு கஸ்டமர், "சார், இதுல கொடி ஏத்துவீங்களா?" என்று கேட்டார்.

போன்சாய்க்கு டேப்பர் வேண்டும். அடிமரம் தடித்து, மேலே போகப்போக மெலிய வேண்டும். அப்போதுதான் சின்னத் தொட்டியிலும் பெரிய மரம் மாதிரி தெரியும். மேலும் கீழும் ஒரே பருமனாக இருந்தால் வெறும் கம்புதான். அதற்கு வழி, அடியில் வெட்டிவிட்டு மறுபடி வளர்ப்பது.

"அஞ்சலை, அந்த ரெண்டும் என் மரம். இது உன்னுது. நீ பண்ணு" என்றார் சார்.

தொட்டியை என் பக்கம் இழுத்து வைத்தேன். அதுவரை எனக்கென்று யாரும் எதையும் ஒப்படைத்ததில்லை. எந்த இடத்திலும் பத்துப் பேரில் ஒருத்தி நான்.

"இதைத் துடைப்ப மாடல்னு சொல்வாங்க. நேர் மரத்துக்கு அதுதான் பொருத்தம். ஒரு சாண் விட்டு மட்டமா அறுத்துடு. வெட்டின விளிம்பைச் சுத்தி மொட்டு வரும். அதையெல்லாம் விசிறி மாதிரி வளத்துக்கலாம். ஆனா தூக்கத்துல இருக்கும்போதுதான் அறுக்கணும். முழிச்சிட்டா சாறு ஒழுகி நிக்காது."

எங்கே அறுப்பது என்பதுதான் கேள்வி. மேப்பிள் மரப்பட்டையில் பழைய கணு இருந்த இடம் எல்லாம் மெல்லிய வளையமாகத் தெரியும். அந்த வளையத்தில்தான் தூங்குகிற மொட்டு ஒளிந்திருக்கும். வளையத்துக்குச் சற்று மேலே அறுக்க வேண்டும். வெட்டின இடம் காய்ந்தால் அடுத்த வளையம் வரை காய்ந்துகொண்டே போகும், அதற்கு இடம் விட வேண்டும். விரலால் தடவித் தடவிப் பார்த்தேன். இறால் ஓட்டில் கணு தட்டுப்படுகிற மாதிரிதான் இதுவும் தட்டுப்பட்டது. சார் தொட்டியைப் பிடித்துக்கொண்டார். நான் மடக்கு ரம்பத்தால் அறுத்தேன். நெஞ்சு உயர மரம் ஒரு சாணாகிவிட்டது. வெட்டு காயாமல் இருக்க மரப் பேஸ்ட் தடவி, விளிம்பு வீங்காமல் இருக்க சைக்கிள் டியூபை நாடாவாகக் கிழித்துச் சுற்றிக் கட்டினேன்.

"இனி இது கைல இருக்கிற சத்தை வெச்சுத்தான் பொழைக்கணும். மாசி வரைக்கும் தொந்தரவு பண்ணாம தூங்க விடு" என்றார் சார்.

5. புயல்

மார்கழி நடுவில் புயல் வந்தது. கரண்ட் போய்விட்டது. சார் கண் ஆபரேஷனுக்காகச் சென்னைக்குப் போயிருந்தார். ஹைவேயில் தண்ணீர் ஓடியதால் வர முடியவில்லை. ஜெனரேட்டரை முந்தின வருஷமே விற்றுவிட்டார். போனில் சொன்னார்:

"கதவைத் தொறக்காத. சுவர் குளுர ஒரு நாள், ஒன்றரை நாள் தாங்கும். அதுக்கப்புறம் ஐஸ் வை. அந்த ரெண்டு மரம் முழிச்சாலும் பரவால்ல. உன்னோடதுதான் ஆபத்து. இருக்கிற கொஞ்ச சத்தை இருட்டுல மொட்டு விட்டுச் செலவு பண்ணிடுச்சுன்னா அவ்வளவுதான்."

பேசி முடிப்பதற்குள் போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது.

ஐஸ் என்றால் வேலு. எனக்கென்று யாரிடமும் எதையும் நான் கேட்டதில்லை. வேலு வீட்டு வாசலில் போய் நின்றேன். அவன் வண்டியில் தார்ப்பாய் கட்டிக்கொண்டிருந்தான்.

"இன்னா அண்ணி?"

"ஐஸ் வோணும்."

கயிற்றைப் பிடித்தபடி திரும்பிப் பார்த்தான். "யாருக்கு?"

"மரத்துக்கு."

"கடல்ல போட் போவல, ஏரில வல போவல, மீனுக்கே ஐஸ் வோணாம்ன்றான். மாப்பிள மட்டும் கேக்குறானா?" என்றான். பிறகு என் முகத்தைப் பார்த்தான். "அட, ஏன் இப்டி பேஜாரா நிக்கிற? ஃபேக்டரில நேத்து ஐஸ் பாரு மிச்சம் கீது. கொண்டாந்து போடறேன். உன் வாயால கேட்டுட்ட, இதவிட இன்னா வோணும்?"

மழையிலேயே போய் ஏற்றிவந்தான். எது என் மரம் என்று காட்டினேன். பார்களை உடைத்து உள்ளே கொண்டுபோக ஆரம்பித்தான். மேலே மூட உமி மூட்டை இருந்தால் நல்லது என்றான். நான் பின்கட்டுக்குப் போய் உமி மூட்டைகளை இழுத்து வந்தேன். வருவதற்குள் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே நின்றிருந்தான். கை சிவந்து போயிருந்தது.

"எறா பெட்டி மாரி ஜோரா பேக் பண்ணிட்டேன் அண்ணி. தொறக்கவே தொறக்காத."

சந்தோஷமாக இருந்தது. அவன் போகும்போது வாசல் வரை போனேன்.

மறுநாள் காலையில் மண்ணைப் பார்க்கக் கதவைக் கொஞ்சம் திறந்து டார்ச் அடித்துக்கொண்டு போனேன். சாரின் இரண்டு மரமும் மேல் தட்டில் இருந்தன. அவற்றுக்குக் கீழே ஐஸ். என் மரம் தரையில் ஒரு மீன் கிரேட்டில் இருந்தது. அதில் தொட்டி தெரியவில்லை. அடிமரத்தைச் சுற்றி நொறுக்கிய ஐஸைக் குவித்து அமுக்கியிருந்தான். ஐஸை ஒதுக்கிவிட்டு ஈரக் கையால் வாயைத் துடைத்தேன். உப்புக் கரித்தது.

டார்ச்சைக் கிட்டே பிடித்துப் பார்த்தேன். ஐஸுக்கு நடுவில் கல்லுப்பு. கை நிறையத் தூவியிருந்தான்.

எங்கள் பக்கத்தில் தொலைவுக்குப் போகிற மீனுக்கு அப்படித்தான் செய்வார்கள். உப்பு போட்டால்தான் ஐஸ் கடிக்கும் என்பார்கள். நல்ல சரக்குக்குத்தான் உப்பு. என் மரத்தை நல்ல சரக்காக நினைத்துத்தான் போட்டிருக்கிறான்.

6. வேர் கழுவியது

கேட்க யாரும் இல்லை. போனும் இல்லை. வேரில் உப்பு ஏறினால் கருகும் என்பது ஒன்றுதான் எனக்குத் தெரியும். தூங்குகிற மரத்தை மண் உதறி மாற்று மண்ணில் சார் வைப்பதைப் பார்த்திருக்கிறேன். நான் தனியாகச் செய்ததில்லை.

தொட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். மழைத் தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. மரத்தைத் தொட்டியிலிருந்து எடுத்து, மூங்கில் குச்சியால் மண்ணைக் கலைத்து, வேரை ஒரு பக்கெட் தண்ணீரில் அலசினேன். தண்ணீரை ஊற்றிவிட்டு மறுபடி அலசினேன். ஒவ்வொரு தடவையும் நாக்கில் தொட்டுப் பார்ப்பேன். கரிப்பு போகும் வரை அலசினேன். ஒரு பக்கத்து வேர்கள் பழுப்பாகி, பிடித்தால் தோல் வழுக்கிக்கொண்டு வந்தன. அவற்றை வெட்டிவிட்டேன். மறு பக்கம் வெள்ளையாக இருந்தது. செங்கல் ஜல்லியும் கழுவிய ஆற்று மணலும் கலந்து புதுத் தொட்டியில் வைத்து, மரம் ஆடாமல் இருக்க வலை நூலால் இழுத்துக் கட்டினேன். உள்ளே இருந்த ஐஸையெல்லாம் வாரிக் கொட்டினேன். வேலு வெளியே மிச்சம் வைத்திருந்த உப்பில்லாத ஐஸைப் பிளாஸ்டிக் பையில் கட்டி, தொட்டியில் படாமல் சுற்றி அடுக்கினேன். அது கரைந்து முடிவதற்குள் கரண்ட் வந்துவிட்டது.

சார் கறுப்புக் கண்ணாடியோடு வந்தார்.

"வேர் கழுவிட்டேன் சார். உப்பு பட்டுடுச்சு."

"உப்பா? யாரு போட்டது?"

"ஐஸ்ல இருந்துச்சு."

"ஐஸ்ல எப்படி உப்பு வரும்? வாயைத் தொறந்து சொல்லேன்மா."

சொல்லவில்லை. மழையில் நனைந்துகொண்டு வந்தவன் பெயரைச் சொல்ல வாய் வரவில்லை. சார் மரத்தைச் சுற்றிப் பார்த்தார்.

"உப்பு கலந்த ஐஸ், வெறும் ஐஸ விட குளுந்து போகும். வேருக்கு ரெண்டு அடி. பாப்போம்" என்றார்.

7. மொட்டு

மாசியில் வெளியே எடுத்தோம். சாரின் இரண்டு மரமும் சிவப்பாக மொட்டு விட்டன. என் மரம் அப்படியே நின்றது. பங்குனி வந்தது. வெட்டின விளிம்பைச் சுற்றி ஒன்றும் வரவில்லை. பட்டை ஒரு பக்கம் சுருங்கி நிறம் மாறியது.

"விடு அஞ்சலை. அது போச்சு" என்றார் சார். "தொட்டியைக் காலி பண்ணு."

நான் நகத்தால் பட்டையை லேசாகக் கீறிக் காட்டினேன். ஒரு பக்கம் உள்ளே பழுப்பு. மறு பக்கம் பச்சை. அவர் குனிந்து பார்த்துவிட்டுப் போனார். தொட்டியை நான் காலி செய்யவில்லை.

மொட்டு நாங்கள் எதிர்பார்த்த இடத்தில் வரவில்லை. மேலிருந்து மூன்று வளையம் தள்ளி, பச்சைப் பக்கத்தில், அரிசி அளவு சிவப்பாக ஒன்று. ஒன்றே ஒன்று. அதற்கு மேலே இருந்தது எல்லாம் செத்துவிட்டது.

சார் கிட்டே குனிந்து பார்த்தார். "துடைப்பம் போச்சு. நேர் மரமும் போச்சு. இனி இதுதான் லீடர், தலைக்கிளை. இதைக் கிள்ளாத, வளைக்காத. இஷ்டத்துக்கு ஓடட்டும். எவ்வளவு ஓடுதோ அவ்வளவு அடி தடிக்கும். அடுத்த தூக்கத்துல கட்டையா வெட்டு. அதுல இருந்து இன்னொரு லீடர். அப்படியே டேப்பர் வந்துடும்."

நேர் மரம் வைத்திருக்கிறவர்கள் கவனிக்க வேண்டியது இதுதான். வெட்டுவது ஒரு நாள் வேலை. மறுபடி ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் பல வருஷ வேலை.

8. தெருவில் பேச்சு

மொட்டு வந்ததை எப்படியோ தெரிந்துகொண்டு வேலு பார்க்க வந்தான். கூட இரண்டு படகுக்காரர்கள்.

"இதாண்டா மாப்பிள. புயல்ல செத்துகினு இருந்தான். நம்ம ஐஸ்லதான் பொழச்சான். இன்னா அண்ணி?"

நான் சிரித்தேன். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

அதை அவன் மீன் ஏலம் விடுகிற இடத்தில் சொன்னான், டீக்கடையில் சொன்னான். ஒவ்வொரு தடவையும் மழை கொஞ்சம் அதிகமாகப் பெய்தது. காலையில் கூடையோடு போகிற மீன்காரப் பெண்கள் என் வாசலில் நிற்க ஆரம்பித்தார்கள்.

"ஏம்மே அஞ்சல, மாப்பிள எப்டிகீறான்?"

"எல விட்டுச்சு."

"பொண்ணு பாத்துரலாமா?"

வேலுவின் பெண்டாட்டி கிண்ணத்தில் குழம்பு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவாள். ஒருத்தி தன் ரோஜாச் செடிக்கு ஏன் பூ வரவில்லை என்று கேட்க வந்து, பொழுது சாயும் வரை உட்கார்ந்திருந்தாள். புருஷன் போனதற்கப்புறம் என் வீட்டில் அத்தனை பேச்சுச் சத்தம் கேட்டதில்லை. அவர்களிடம் அந்த உப்புக் கதையைச் சொல்ல எனக்கு மனமில்லை. அந்த வருஷம் நன்றாக இருந்தது. லீடர் என் தோள் உயரத்துக்கு ஓடியது.

9. மறுபடி மார்கழி

அடுத்த மார்கழியில் ட்ரான்ஸ்ஃபார்மர் எரிந்துவிட்டது. சார் மகள் வீட்டுக்குப் போயிருந்தார். யாரிடமும் நான் இன்னும் சொல்லக்கூட இல்லை, வேலுவின் வண்டி கேட்டுக்குள் வந்து நின்றது. அவனோடு நாலைந்து பேர். வேடிக்கை பார்க்க இரண்டு மீன்காரப் பெண்களும் வந்திருந்தார்கள்.

"நீ வாயத் தொறக்குறதுக்குள்ள நா வந்துட்டேன் பாத்தியா அண்ணி!" என்றான்.

ஒரு தோளில் ஐஸ் பார். இன்னொரு கையில் உப்பு மூட்டை. கோல்டு ரூம் கதவை நோக்கி நடந்தான்.

கதவுக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன்.

"வழி வுடு அண்ணி, கரையுது."

"உப்பு வோணாம்."

"இன்னா?"

"உப்பு வோணாம் வேலு. ஐஸ் போதும்."

"உப்பு இல்லாத ஐஸ் கடிக்காது. உனக்கு இன்னா தெரியும்? போன வருசம் போட்டேன்ல? பொழச்சான்ல?"

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 'சார் திட்டுவார்' என்று பொய் சொல்லியிருக்கலாம். அப்போது தோன்றவில்லை. வாயில் வந்தது உண்மைதான்.

"போன வருசம் உப்பாலதான் பாதி செத்துச்சு. வேர கழுவி நட்டேன்."

ஐஸ் தோளிலிருந்து அவன் சட்டையில் சொட்டியது. பின்னால் இருந்த படகுக்காரர்களில் ஒருவன் சிரித்தான்.

"அப்ப நீ காப்பாத்துனது இன்னாடா வேலு, மாப்பிளயயா? மாப்பிளய கருவாடு போட்டுகீற!"

எல்லோரும் சிரித்தார்கள். வேலு சிரிக்கவில்லை. உப்பு மூட்டையைத் திரும்பக் கொண்டுபோய் வண்டியில் வைத்தான். பிறகு வந்து, "எங்க வெக்கணும், சொல்லு" என்றான். பையில் கட்டி, தொட்டியில் படாமல் வைக்கச் சொன்னேன். சொன்னபடியே வைத்தான். ஒரு பையைக்கூட நகர்த்த வேண்டியிருக்கவில்லை. டீ போடட்டுமா என்று கேட்டேன்.

"ஒரு வருசமா சிரிச்சிகினு இருந்தியே அண்ணி" என்றான். அவ்வளவுதான். வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

10. கடைசியாக

மரம் பிழைத்துக்கொண்டது. அந்தத் தூக்கத்திலேயே லீடரைக் கட்டையாக வெட்டினேன். மாசியில் வெட்டுக்குக் கீழே இரண்டு மொட்டு வந்தது. ஒன்றை விட்டு ஒன்றை எடுத்தேன். அடுத்த வருஷமும் அப்படியே செய்து, இப்போது மூன்றாவது லீடர் ஓடிக்கொண்டிருக்கிறது. அடி தடித்து, நடுவில் ஒரு திருப்பம் திரும்பி, மேலே மெலிந்து போகிறது. செத்த பக்கத்தைச் சார் உளியால் குடைந்துவிட்டார். மழையில் நெடுநாள் நின்ற மரம் போல் இருக்கிறது. போன மாதம் ஒரு கஸ்டமர் விலை கேட்டார். விற்பனைக்கு இல்லை என்று சார் சொல்லிவிட்டார்.

வேலு இப்போதும் ஐஸ் கேட்டால் தருகிறான். ஆள் மூலம் அனுப்புகிறான். மரத்தைப் பற்றி அவன் எங்கும் பேசுவதில்லை. அவன் பேசாததால் மற்றவர்களும் பேசுவதில்லை. மீன்காரப் பெண்கள் நேராகப் போய்விடுகிறார்கள். வேலுவின் பெண்டாட்டி நல்லது கெட்டதுக்குச் சொல்லி அனுப்புவாள். குழம்புக் கிண்ணம் வருவதில்லை. போய்ப் பேசலாம் என்று பலமுறை வாசல் வரை போயிருக்கிறேன். என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று தெரியாமல் திரும்பியிருக்கிறேன்.

புதிதாக வருகிற பெண்களுக்கு நான் சொல்வது இது. டேப்பர், கணு, மழைத் தண்ணீர் எல்லாம் கையில் தானாக வந்துவிடும். உதவிக்கு ஆள் கூப்பிட்டால், எது வேண்டும் என்று மட்டும் சொல்லாதீர்கள். எது கூடாது என்பதையும் அந்த இடத்திலேயே சொல்லிவிடுங்கள். தவறு நடந்துவிட்டால் மறுநாளே போய்ச் சொல்லுங்கள். மறுநாள் சொல்லியிருந்தால், வேலு தலையில் அடித்துக்கொண்டு, "அட கஷ்டகாலமே, முதல்லயே சொல்லித் தொலைக்கக் கூடாதா?" என்று திட்டியிருப்பான். நானும் சிரித்திருப்பேன். அன்றைக்கே அது முடிந்திருக்கும்.